துப்பாக்கி செய்த சாமுவேல் கோல்ட்

நம்ம சுவர்ப் பத்திரிகையில் இதுவரை தலைவர்கள், விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாறு வந்திருக்கு. நான் ஒரு துப்பாக்கி செய்தவரைப் பற்றி எழுதுகிறேன். பயப்படாம கடைசி வரை படிங்க!

சாமுவேல் கோல்ட் 1814 ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தந்தைக்கு வியாபாரத்தில் நஷ்டம். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 16 வயதில் கப்பல் வேலைக்குப் போனார். அந்தக் கப்பல் எங்கே வந்தது தெரியுமா? நம் இந்தியாவின் கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான் சுழலும் துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்து யோசனை வந்தது என்றும் ஒரு கதை உண்டு.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டா மறுபடி மருந்து கெட்டிச்சு, குண்டு போடணும். கோல்ட் செய்ததில் ஓர் உருளை இருக்கும். அதில் ஐந்தாறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் முன்கூட்டியே மருந்தும் குண்டும் போட்டு வைக்கலாம். சுத்தியலைப் பின்னால் இழுத்தா உருளை சுழன்று அடுத்த அறை குழாய்க்கு நேரா வந்து நிற்கும். அவருக்கு முன்பும் சிலர் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஆனா பெரிய அளவில் விற்றுக் காட்டியவர் இவர்தான்.

இதற்குப் பணம் வேணுமே! சிரிப்பூட்டும் வாயுவை வைத்து ஊர் ஊராகக் காட்சி நடத்திக் காசு சேர்த்தார். 1836 இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, பேட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். 1842 இல் அது மூடிப் போச்சு. அப்போது அவருக்கு வயது 28 தான்.

1847 இல், மெக்சிகோ போர் நடந்தபோது, சாமுவேல் வாக்கர் என்ற படைத் தலைவர் மூலம் ராணுவத்துக்கு 1000 துப்பாக்கி கேட்டார்கள். கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை! வேறொருவர் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார். ஒரு துப்பாக்கி எடை சுமார் 2 கிலோ. ரெண்டு கிலோ பருப்புப் பொட்டலத்தை ஒரே கையில் நீட்டிப் பிடிச்சுப் பாருங்க, தெரியும். வாக்கர் அதே ஆண்டு அக்டோபரில் போரில் இறந்துவிட்டார்.

நாம தபால்தலை, பழைய காசு சேர்க்கிற மாதிரி, அமெரிக்காவில் இந்தப் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்க்கிறவங்க உண்டு. வாக்கர் வகையில் மொத்தமே 1100 தான் செய்தார்கள். எண் சரியா இருக்கா, படைப்பிரிவின் எழுத்து இருக்கா, உருளை மேல் செதுக்கிய படம் தேயாம இருக்கா என்று பார்த்து வாங்குவார்களாம். 2018 இல் பெட்டியோடு இருந்த ஒரு வாக்கர் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது!

அந்த உருளையில் என்ன படம் தெரியுமா? டெக்சாஸ் குதிரைப் படையினர் கொமான்சி பழங்குடி மக்களோடு போரிடும் படம். முன்பெல்லாம் எதிரி ஒரு முறை சுட்டு மருந்து போடுவதற்குள் கொமான்சி வீரர்கள் பல அம்பு விட்டுவிடுவார்கள். இந்தத் துப்பாக்கி வந்த பிறகு அது நடக்கவில்லை. சொந்த நிலத்தையும் இழந்தார்கள். இதைப் படிச்சதும் எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. விடாமுயற்சி நல்லதுதான். ஆனா எதற்காக முயற்சி செய்கிறோம் என்பதையும் பார்க்கணும் இல்லையா?

கோல்ட் 1855 இல் ஹார்ட்ஃபோர்டில் பெரிய தொழிற்சாலை கட்டி முடித்தார். பெரும் பணக்காரர் ஆனார். 1862 ஜனவரி 10 அன்று 47 வயதில் இறந்தார். பிறந்த குழந்தைகளில் ஒரே ஒரு மகன்தான் வளர்ந்து பெரியவன் ஆனான். 1864 இல் தொழிற்சாலையும் எரிந்தது. அவர் மனைவி எலிசபெத் கலங்காம திரும்பக் கட்டினார். தம்மிடம் இருந்த சேகரிப்பை ஊர் அருங்காட்சியகத்துக்கே எழுதி வைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது எலிசபெத்தைத்தான். கோல்ட்டின் உழைப்பையும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் துப்பாக்கிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உங்க கருத்து என்ன? அடுத்த இதழில் எழுதுங்க.



- 9 ஆம் வகுப்பு மாணவி