புதுக் கோதுமையும் கரை ஒதுங்கிய உடல்களும்

இலையுதிர்காலம் வந்துவிட்டால் இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்கள் வேறு முகம் கொள்கின்றன. பீடத்தின் அருகே கோதுமைக் கதிர்க்கட்டுகள், சன்னல் விளிம்புகளில் ஆப்பிள்களும் பூசணிகளும், வாசலில் ரொட்டிகள். ஆராதனை முடிந்ததும் அவையெல்லாம் முதியோர் இல்லங்களுக்கும் ஏழைகளின் வீடுகளுக்கும் போகின்றன. நம் தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை என்று வழங்குவதும் இதன் உறவினர்தான். வாழைத்தாரும் தேங்காயும் சேவலும் ஏலம் போகிற அந்த நாளின் ஆரவாரத்தை நான் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன். இவ்விழாவுக்கு இன்றைய வடிவம் தந்தவராகப் பொதுவாக ஏற்கப்படும் மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் 1803 டிசம்பர் 3 அன்று பிளிமத்தில் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில், தம்மைவிட இருபதாண்டுகளுக்கு மேல் மூத்தவரான சார்லட்டை மணந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தபோது 1827-இல் கவிதைக்கான நியூடிகேட் பரிசைப் பெற்றார். அதற்கு முன்பே அவர் பெயரின்றி வெளியிட்ட ஒரு பாடலைப் பழங்கால நாட்டுப்பாடல் என்றே வால்டர் ஸ்காட்டும் மெக்காலேயும் நம்பினார்கள். கார்ன்வால் மக்கள் இன்றும் தங்கள் தேசிய கீதம்போல் பாடும் பாடல் அது. எழுதியவரின் பெயர் மறைந்து பாடல் மட்டும் நின்றது அவருக்குப் பெருமையைவிட வருத்தத்தையே தந்தது என்பர்.

1834-இல் அவர் மார்வென்ஸ்டோவின் குருவாக நியமிக்கப்பட்டார். அது கார்ன்வாலின் வடகோடியில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்தான பாறைகளின் மேல் அமைந்த சிற்றூர். நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே எந்தக் குருவும் குடியிருந்ததில்லை. வருவாயை ஒருவர் பெற்றுக்கொள்வார், ஆராதனையை வேறொருவர் எப்போதாவது வந்து நடத்திச் செல்வார். ஊரில் பாதிப் பேர் மெதடிஸ்டுகள். கடத்தல் சரக்கும், உடைந்த கப்பல்களிலிருந்து கிடைக்கும் சாமான்களும் பலருக்குப் பிழைப்பின் பகுதியாக இருந்தன. ஹாக்கர் அங்கேயே வீடு கட்டினார், பள்ளி கட்டினார், ஓடையின் குறுக்கே பாலமும் போட்டார். தாம் முன்பு அறிந்திருந்த தேவாலயங்களின் கோபுர வடிவில் அந்தக் குருமனையின் புகைபோக்கிகளை அமைத்தார். ஆண்டு வருவாய் 365 பவுண்டு, அதாவது நாளொன்றுக்கு ஒரு பவுண்டு. அது ஒருபோதும் போதவில்லை. கொடுப்பதில் அவருக்குக் கணக்கு இல்லை. வாழ்நாள் முழுதும் கடன் அவரைத் துரத்தியது.

அறுவடை முடிந்ததும் பண்ணை முதலாளிகள் தங்கள் ஆட்களுக்கு விருந்தும் மதுவும் தந்து கொண்டாடுவது ஆங்கில நாட்டுப்புறத்தின் பழைய வழக்கம். பண்ணைக்குப் பண்ணை தனித்தனியாக நடந்த விருந்து அது. யாருடைய வயலில் யார் உழைத்தார் என்பதே அதன் அடிப்படை. 1843-இல் ஹாக்கர் அதை ஊர்ப்பொதுவாக்கினார். அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை அனைவரும் தேவாலயத்துக்கு வரவேண்டும் என்றும், புதுக் கோதுமையில் செய்த அப்பத்தைத் திருவிருந்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவித்தார். முதல் விளைச்சலின் அப்பத்தை ஆலயத்துக்குக் கொண்டுவரும் இடைக்கால வழக்கம் அவர் மனத்தில் இருந்தது. வயலுக்கு உடையவரும் அறுத்தவரும் அன்று ஒரே அப்பத்தின் முன் மண்டியிட்டார்கள். பசியும் பஞ்சமும் மிகுந்த 1840-களில் இது வெறும் அலங்காரம் அல்ல என்பது என் கருத்து. சில பத்தாண்டுகளில் அவ்வழக்கம் இங்கிலாந்தெங்கும் பரவியது. பூக்களும் பழங்களும் பின்னர் வந்து சேர்ந்தவை.

இலையுதிர்காலத்துக்கு அந்தக் கரையில் இன்னொரு முகமும் உண்டு. வயல் ஓயும்போது கடல் எழும். பாய்மரக் கப்பல்கள் மேற்குக் காற்றில் சிக்கினால் ஒதுங்கத் துறைமுகம் இல்லை, பாறைகள்தாம் உண்டு. கரை ஒதுங்கும் உடல்களைக் கிடந்த இடத்திலேயே மணலில் புதைப்பது, அல்லது கடலே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நெடுங்காலமாக நடந்துவந்தது. 1807-இல் ஆன்சன் என்ற போர்க்கப்பல் கார்ன்வாலின் தென்கரையில் உடைந்து, இறந்தவர்களின் உடல்கள் நடத்தப்பட்ட விதம் பலரை அதிர வைத்தது. அதையடுத்து, கரை ஒதுங்கும் உடல்களைத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று 1808-இல் சட்டம் வந்தது. ஆனால், யார் என்று தெரியாத ஒருவனின் சிதைந்த உடலை நானூறு அடிப் பாறையின் மேலே சுமந்துவரும்படி எந்தச் சட்டத்தாலும் ஒரு கூலியாளை இணங்கச் செய்ய முடியாது.

ஹாக்கர் அதைச் செய்வித்தார். புயல் அடித்த இரவின் மறுகாலையில் நீண்ட கடற்காலணிகளை அணிந்துகொண்டு அவரே பாறைச் சரிவில் இறங்குவார். உடலைக் கண்டு சொல்பவருக்குச் சன்மானம் கொடுத்தார். சுமப்பவர்கள் நாற்றம் தாங்காமல் பின்வாங்கியபோது அவர்களுக்கு ஜின் ஊற்றிக் கொடுத்து ஊக்கினார். ஒரு முழு உடலாக அல்லாமல் உறுப்புகளாகக் கிடைத்தவற்றையும் தேடிச் சேர்த்தார். ஊராருக்குச் செய்யும் அதே சடங்குடன் அவற்றையும் அடக்கம் செய்தார். அவர் காலத்தில் அந்த மண்ணில் இப்படி இடம் பெற்றவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். இந்த வேலை அவருடைய உறக்கத்தைத் தின்றது. காற்று வலுக்கும் இரவுகளில் அவர் அஞ்சி விழித்திருந்தார்.

1842 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தைச் சேர்ந்த கலிடோனியா அங்கே உடைந்தது. ஜெர்சித் தீவைச் சேர்ந்த ஒருவர் மட்டுமே உயிர் தப்பிக் குருமனையில் தேறினார். மற்றவர்களின் கல்லறைக்கு அடையாளமாக அக்கப்பலின் முகப்பில் இருந்த சிற்பத்தையே ஹாக்கர் நிறுத்தினார். கையில் வாளும் கேடயமும் ஏந்திய வெண்ணிறப் பெண். மூலச் சிற்பம் இப்போது ஆலயத்தினுள் பாதுகாக்கப்படுகிறது, வெளியே நிற்பது அதன் நகல். அந்த அடக்கத்துக்கும் முதல் அறுவடை ஆராதனைக்கும் இடையே ஓராண்டுதான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். புதுக் கோதுமை அப்பத்துக்காக ஊர் கூடியபோது, ஆலயத்தின் வாசலருகே அந்நியர்களின் மண்மேடு இன்னும் புதியதாகவே இருந்திருக்கும்.

1862 அக்டோபரில் லிவர்பூலிலிருந்து பம்பாய் நோக்கிப் புறப்பட்ட பென்கூலன், பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவிலுள்ள பியூட் துறையின் எதிரே கரையிலிருந்தோர் பார்க்கப் பார்க்கவே உடைந்தது. பெரும்பாலான மாலுமிகள் இறந்தனர். உயிர்காப்புப் படகு கடலில் இறங்கவில்லை என்பதை ஹாக்கரால் மன்னிக்க முடியவில்லை. எழுத்தில் சாடினார். அண்டை ஊராரின் பகையையும் தேடிக்கொண்டார். அப்படகுக்காரர்களின் நிலையிலிருந்து பார்த்தால் அவருடைய சினம் சற்று அநீதியாகவும் இருந்திருக்கலாம். அந்த அலைகளில் இறங்குவது எளிதல்ல.

இவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வேடிக்கைகளையே எழுதினார்கள். கறுப்பு அங்கி அணியாமல் செந்நிறக் கோட்டும் மீனவரின் நீல மேற்சட்டையுமாகத் திரிந்தது, குதிரைப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டது, அபினி புகைத்தது, பாறை விளிம்பில் உடைந்த கப்பல் மரங்களால் கட்டிய குடிலில் அமர்ந்து கவிதை எழுதியது. அந்தக் குடில் இன்று பிரிட்டனின் தேசிய அறக்கட்டளை பராமரிக்கும் சொத்துகளிலேயே மிகச் சிறியது. அவர் இறந்த மறு ஆண்டே பேரிங் கூல்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்தக் கதைகளை நன்றாகவே விற்றது. அதில் புனைவு எவ்வளவு என்பது அன்றே விவாதமாயிற்று. விசித்திர மனிதர் என்ற முத்திரை குத்திவிட்டால், அவர் நம்மிடம் கேட்டதைக் கேட்காததுபோல் கடந்துவிடலாம். நம் அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் அடையாளம் தெரியாதவர் என்று சீட்டு கட்டப்பட்டுக் கிடப்போரை எண்ணும்போதெல்லாம், அந்தச் செந்நிறக் கோட்டுக்காரர் எனக்கு விசித்திரமானவராகத் தோன்றுவதில்லை.

அவரிடம் குறைகளும் இருந்தன. மெதடிஸ்டுகளை அவர் கடுமையாக வெறுத்தார். தம் ஊராரில் பாதிப் பேரை அந்த வெறுப்பு அவரிடமிருந்து விலக்கியே வைத்தது. கடலில் வந்த அந்நியனிடம் காட்டிய பரிவை அடுத்த தெருவின் பிரிவினைச் சபையாரிடம் அவரால் காட்ட இயலவில்லை.

1863-இல் சார்லட் இறந்தார். அடுத்த ஆண்டு போலந்து வழிவந்த இளம்பெண் பாலினை ஹாக்கர் மணந்தார். அறுபதைக் கடந்தபின் மூன்று மகள்கள் பிறந்தார்கள். கடனும் நோயும் பெருகின. 1875 ஆகஸ்டில் பிளிமத்தில் படுக்கையில் கிடந்தபோது, இறப்பதற்கு முந்தைய இரவு, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்க்கப்பட்டார். நாற்பதாண்டுகள் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர் ஏமாற்றினாரா என்று பத்திரிகைகள் பல நாள்கள் சண்டையிட்டன. ஆகஸ்ட் 15 அன்று அவர் உயிர் பிரிந்தது. வந்தவர்கள் கறுப்புக்குப் பதிலாக ஊதா நிறம் அணிந்து அவரை பிளிமத் நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மார்வென்ஸ்டோவின் மண்ணில் சார்லட்டும் அந்த மாலுமிகளும் இருக்கிறார்கள், அவர் இல்லை.