ஸர் ஆர்தர் ஹேவுட்

விளையாட்டாய்த் தொடங்கும் ஒரு முயற்சி சிற்சில வேளைகளில் ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டுவிடுவதுண்டு. காண்போர் அதனைப் பொழுதுபோக்கென்று எண்ணி நகைப்பர். முயல்வோருக்கோ அதுவே தவமாகும். ஆங்கில நாட்டில் வாழ்ந்த ஸர் ஆர்தர் பெர்ஸிவல் ஹேவுட் இத்தகையோருள் ஒருவர்.

இவர் 1849-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் செல்வக் குடியொன்றில் தலைமகனாகப் பிறந்தார். ஸ்டாபோர்ட்ஷயரில் இருந்த தம் இல்லத்தில், தந்தையார் ஓய்வு வேளையில் கடைசல் இயந்திரம் கொண்டு உலோக வேலை செய்வதுண்டு. அவருக்குத் துணைநின்ற மைந்தர் கைத்திறம் வாய்க்கப்பெற்றார். பதின்பருவம் கடக்குமுன்னரே 4 அங்குல அகலத்தில் ஒரு மாதிரி இருப்புப்பாதையும், அதிலோடும் நீராவி இயந்திரமும் சமைத்தார். ஆனால் அது கண்ணுக்கு விருந்தேயன்றி ஏறிச் செல்ல உதவாது. தம்பி தங்கையர் ஏறி மகிழவேண்டுமென்று 9 அங்குலப் பாதை அமைத்தார். அமர்ந்தவர் சற்றே அசையினும் வண்டி நிலைதடுமாறும் என்பதை அப்போது கண்டறிந்தார். இக்குறையே அவர் வருங்காலத்திற்கு வித்தாயிற்று.

ஈட்டனிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்று 1872-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே தம் உறவினரான மார்கரெட் எபி அம்மையாரை மணந்து, டெர்பி நகருக்கு அணித்தான டபீல்டு என்னும் ஊரிற் குடியேறினார். பிரபு குலத்தோர் இயந்திர வேலையால் ஊதியம் பெறுதல் தகாதென்பது அக்கால வழக்கு. ஆதலின், கற்ற கல்வியைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டே பயன்படுத்தத் துணிந்தார்.

மனிதர் அஞ்சாது செல்லவும் சரக்கு ஏற்றவும் தக்க மிகக் குறுகிய பாதை எது? இவ்வினாவுக்கு விடையாக அவர் தேர்ந்தது 15 அங்குலம். 1874-இல் தம் மனையின் செங்குத்தான சரிவில் வேலை தொடங்கிற்று. 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றமும், 25 அடி ஆரமுள்ள வளைவும், சுரங்க வழிகளும், மேம்பாலமும் அங்கு அமைந்தன. உணவு வண்டியும் உறங்கும் வண்டியுங்கூட உருவாயின. எளிய நிலத்தை விடுத்து அரிய நிலத்தை அவர் நாடியது காரணம் பற்றியே. இங்கு ஓடுவது எங்கும் ஓடும் அன்றோ?

ஏற்றத்தில் இழுக்க வேண்டுமாயின் இயந்திரத்தின் பாரம் முழுவதும் இயங்கு சக்கரங்களின்மேல் நிற்றல் வேண்டும். சக்கரங்களைப் பெருக்கிப் பிணைத்தாலோ அவை வளைவிலே திரும்பா. இவ்விடரை நீக்க, பிணைப்பு விடாமலே வளைவுக்கு இணங்கித் திரும்பும் அச்சுகளை வகுத்தார். 1875-இல் நான்கு சக்கர எபியும், 1881-இல் ஆறு சக்கர எல்லாவும், 1894-இல் எட்டுச் சக்கர மியூரியலும் அவர் பட்டறையினின்று வெளிவந்தன. ஒவ்வொன்றும் முன்னதன் குறையைக் கற்றுப் பிறந்தது. தம் அனுபவங்களை 1881-இல் நூலாகவும் வெளியிட்டார்.

பண்ணைகளும் படைகளும் தம் முறையை மேற்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. ஆயினும் அவ்வழைப்புக்குச் செவிசாய்த்த நிலக்கிழார் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனார் ஒருவரே. அவர் பொருட்டு 1896-இல் ஈட்டன் மாளிகைக்கு இட்ட பாதை, நிலக்கரியும் செங்கல்லும் சுமந்து ஏறத்தாழ ஐம்பதாண்டு பயன்பட்டது. முதல் உலகப் போரில் ஆங்கிலப் படையினர் 60 செண்டிமீட்டர் பாதையையே தேர்ந்தனர்.

ஹேவுட் மணியொலிக் கலையிலும் வல்லவர். ஆலய மணி ஒலிப்போரின் மத்திய சபையை 1891-இல் நிறுவி, இறுதிவரை அதன் தலைவராய் விளங்கினார். 1897-இல் தந்தையாரின் பாரனெட் பட்டம் அவரை வந்தடைந்தது. 1916-இல் காலமானார்.

அவர் மறைந்தபின் டபீல்டுப் பாதை பெயர்க்கப்பட்டது. எல்லாவும் மியூரியலும் ரேவன்கிளாஸ் இருப்புப்பாதையைச் சேர்ந்தன. மியூரியல் 1927-இல் புதுக்கப்பெற்று, ரிவர் இர்ட் என்னும் பெயர் தாங்கிற்று. உழைப்புக்கென அவர் வகுத்த 15 அங்குல அளவை உலகம் உல்லாசப் பயணத்திற்கே பெரிதும் ஏற்றுக்கொண்டது.

அவர் எண்ணியது கைகூடவில்லை எனலாம். எனினும், 4 அங்குலத்தில் தொடங்கி, 9 அங்குலத்தில் தவறி, 15 அங்குலத்தில் நிலைபெற்ற அம்முயற்சி வீண்போகவில்லை. மாணவர்களே, தவற்றை மறையாது அளந்து அறிபவனுக்கு அத்தவறே அடுத்த படியாகும் என்பதை இவ்வரலாற்றால் உணர்வோமாக.