ரோக்கிடான்ஸ்கியும் என் கேஸ் ஷீட்டும்



பேதாலஜி மியூசியத்தில் ஜாடிகளைப் பார்த்து நாம் கொட்டாவி விட்டது நினைவிருக்கா? அந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் கார்ல் வான் ரோக்கிடான்ஸ்கி. 1804இல் பொஹீமியாவில் பிறந்து, பிராகிலும் வியன்னாவிலும் படித்து, 1844இல் வியன்னாவில் பேராசிரியரானார். அவர் நடத்திய பிரேதப் பரிசோதனைகள் 30,000க்கு மேல். கை கழுவச் சொன்ன செம்மல்வெய்ஸைப் பலர் எதிர்த்தபோது இவர் ஆதரித்தார். நாலு பிள்ளைகளில் இரண்டு பேர் டாக்டர், இரண்டு பேர் பாடகர். 1878இல் காலமானார்.

மகாதமனிக்கும் அதிலிருந்து பிரியும் சுப்பீரியர் மெசென்டெரிக் தமனிக்கும் நடுவே டியோடினம் நசுங்குவதை முதலில் விவரித்தவர் அவர்தான். இடையில் மெத்தையாக இருக்கும் கொழுப்பு கரைந்தால் இப்படி ஆகும். 1927இல் எடின்பரோ சர்ஜன் வில்க்கி 75 நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்த ஒல்லிப் பெண்ணுக்கு மனசுதான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிட்டேன். குப்புறப் படுத்தால் வலி குறையுதுன்னு அவள் அம்மா சொன்னதை நான் காதில் வாங்கலை; சீஃப் வாங்கினார். பேரியம் எக்ஸ்ரேயில் அடைப்பு தெரிந்தது. அடைப்பைத் தாண்டிக் குழாய் விட்டு உணவு கொடுத்தோம். எடை ஏறியது, வாந்தி நின்றது, ஆபரேஷன் தேவைப்படலை.

இன்று சி.டி. ஆஞ்சியோ இருக்கு. சாதாரணமாக 38 டிகிரிக்கு மேலிருக்கும் தமனிக் கோணம் 25க்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகப்படணும். ஆனால் அந்த ஸ்கேனை எழுதவே முதலில் நோயாளி சொல்வதைக் கேட்கணும். ரோக்கிடான்ஸ்கிக்கு அந்த வாய்ப்பு கிடைக்கலை. நமக்குக் கிடைச்சிருக்கு, தம்பிகளா.