ஊதியத்துடன் ஓய்வு: அண்ணல் தொடங்கிய பணி

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்த அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டச் சிற்பியாகவே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். மும்பை பரேலில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த அவர், 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அக்காலத்தில், 1945இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பத்து நாள் ஊதிய விடுப்பை உரிமையாக்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என விரித்தது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார்.

ஆயினும் அவ்வுரிமை வயல்வெளிகளை எட்டவில்லை. அஞ்சுகிராமத்து வயல்களில் வாழ்நாள் முழுதும் நடவு நட்ட தலித் பெண்களின் பணிக்காலத்தை எந்தப் பதிவேடும் கணக்கிடுவதில்லை. அவர்களுக்கு ஓய்வு நாள் இன்றும் கூலியற்ற நாளே. அவர்களின் உழைப்பாண்டுகளை நல வாரியத்தின் வழியே கணக்கிட்டு, ஊதிய விடுப்பு வழங்க வேண்டும். அண்ணலின் சிலைக்கு மாலையிடும் அரசுகளிடம் நாம் கோருவது இதையே.