காயம்பட்டவரை விட்டுத் திரும்பாத விமானி

நள்ளிரவு. வியட்நாமில், மீகாங் ஆற்றுக் கரையில், நெல் வயலில் குண்டடிபட்ட சிப்பாய் துடிக்கிறான். இருட்டைக் கிழித்துக்கொண்டு அவனைத் தேடி ஒரு ஹெலிகாப்டர் இறங்குகிறது.

இப்படிப் பல உயிர்களைக் காத்தவர் மேஜர் சார்லஸ் கெல்லி.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1925-ல் பிறந்தார். இரண்டாவது உலகப் போரில், இளம் வயதிலேயே ஐரோப்பாவில் போரிட்டுக் காயமடைந்தார். காயத்தின் வேதனை அவருக்குத் தெரியும்.

ஐந்தே ஹெலிகாப்டர்கள்

1964 ஜனவரியில், தென் வியட்நாமில் இருந்த மருத்துவ ஹெலிகாப்டர் பிரிவுக்குத் தலைவரானார். அங்கு இருந்தவை ஐந்தே ஹெலிகாப்டர்கள். அவற்றை வேறு வேலைகளுக்கும் பயன்படுத்த மேலதிகாரிகள் விரும்பினார்கள். கெல்லி இணங்கவில்லை. சோக் டிராங் என்ற ஊரில் தங்கி, காயம்பட்டவர்களைத் தேடி இரவிலும் பறந்தார்.

கடைசிப் பயணம்

1964 ஜூலை 1. வின் லாங் அருகே கடும் சண்டை. கெல்லி ஹெலிகாப்டரை இறக்கினார். குண்டுகள் சீறி வந்தன. உடனே போய்விடும்படி தரையிலிருந்தவர்கள் ரேடியோவில் சொன்னார்கள். காயம்பட்டவர்களை ஏற்றாமல் போகமாட்டேன் என்று கெல்லி மறுத்துவிட்டார்.

சிறிது நேரத்தில் ஒரு குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. கெல்லி மாண்டார். அப்போது வயது 39.

அவர் சொன்ன பதிலே பின்னால் வந்த விமானிகளுக்கு விதியாயிற்று. போர் முடிவதற்குள் பல லட்சம் பேரை அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.