ஸ்பினோசா மறுத்த பதவி

மனிதனுக்குத் தன்விருப்பம் என்பதே மயக்கம் என்றுரைத்த ஸ்பினோசாவின் வாழ்க்கையைப் படிக்கும்தோறும் எனக்கு ஒரு நெருடல் எழுகிறது. 1656-இல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரை விலக்கிவைத்தது. அவர் மன்னிப்புக் கோரித் திரும்பவில்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 1673-இல் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடிவந்தது; நிலைபெற்ற மதத்தைக் குலைக்கலாகாது என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பும் காரணகாரியச் சங்கிலியின் ஒரு கண்ணியே என்று அவர் சொல்லியிருப்பார். எறியப்பட்ட கல்லுக்கு உணர்விருந்தால், தானே விரும்பிப் பறப்பதாக எண்ணும் என்று வாதிட்டவராயிற்றே! கல்லுக்கு அந்தப் பதவியின் விலை தெரிந்திராது, அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வறிவுக்கே விடுதலை என்று பெயரிட்டார் என்பதால், அவரோடு என்னால் முழுதும் சண்டையிடவும் இயலவில்லை.

1677-இல், 44 வயதில், ஹேக் நகரில் இறந்தார். எதிர்ப்புக்கு அஞ்சி அவர் நிறுத்திவைத்த 'அறவியல்' நூலை நண்பர்கள் அவ்வாண்டே அச்சேற்றினர்.