பாடுகளைப் பாட்டாக்கித் தந்த கொன்சால்வெஸ் அடிகளார்

தவக்காலம் வந்துவிட்டால் ஆண்டவரின் பாடுகளை நினைந்து புலம்பிப் பாடுவது நம் முன்னோர் விட்டுச் சென்ற வழக்கம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வியாகுல பிரசங்கம் என்னும் பழைய நூலை இராகத்தோடு வாசிப்பார்கள். சிங்களச் சகோதரர்கள் பசன் பாடுவார்கள். வரக்காப்பொல போன்ற ஊர்களில், இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் நமது குடும்பங்கள் சிங்களக் குடும்பங்களோடு ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டு அந்தப் பசனைக் கேட்கின்றன. இரு மொழிகளிலும் இந்தப் புலம்பலுக்கு ஊற்றாக இருந்தவர் ஒரே குருவானவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவைச் சேர்ந்த திவார் தீவில், கொங்கணி பேசும் குடும்பத்தில் 1676ஆம் ஆண்டு பிறந்தார். பங்குப் பாடசாலையிலேயே இலத்தீனோடு இசையும் கற்றார். 1700ஆம் ஆண்டில் குருவானார். கல்வியில் சிறந்த அவருக்குக் கோவாவிலேயே பேராசிரியராக மதிப்போடு வாழ வழியிருந்தது. அதை விட்டு ஒரட்டோரியன் சபையில் சேர்ந்து, 1705ஆம் ஆண்டு மன்னார்க் கரையில் வந்திறங்கினார்.

அந்நாளில் இலங்கைத் திருச்சபையின் நிலை பரிதாபமானது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டு, அவர்களுக்கு இடங்கொடுப்பதையும் குற்றமாக்கியிருந்தார்கள். 1687இல் இரகசியமாக வந்த யோசேவ் வாஸ் அடிகளார், 2015ஆம் ஆண்டு கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்ட அந்த மகான், கண்டி இராச்சியத்தைத் தளமாகக் கொண்டு சிதறிய மந்தையைத் தேடித் திரிந்தார். ஒரு கிராமத்திற்குக் குருவானவர் வந்து போனால் அடுத்த முறை எப்போது வருவார் என்று எவரும் அறியார். அப்படியானால் இடைப்பட்ட நாட்களில் விசுவாசத்தைக் காப்பது எது?

அதற்கு விடையாக வந்தவரே கொன்சால்வெஸ் அடிகளார். வாஸ் அடிகளார் அவருடைய திறமையைக் கண்டு, சிங்களத்தை ஆழமாகக் கற்கும்படி பணித்தார். தமிழையும் சிங்களத்தையும் பிழையறக் கற்ற அவர், போர்த்துக்கேயம், தமிழ், சிங்களம் ஆகிய மூன்றுக்கும் அகராதி ஒன்றும் தொகுத்தார். வீர நரேந்திரசிங்க மன்னரின் அரசவையிலும் அவருடைய புலமைக்கு மதிப்பிருந்தது. 1711இல் வாஸ் அடிகளார் இறைபதம் எய்திய பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் எழுதியும் நடந்தும் உழைத்தார்.

சிங்களத்தில் இருபதுக்கு மேற்பட்ட நூல்களும், தமிழில் பத்துக்கு மேற்பட்ட நூல்களும் அவர் பெயரால் வழங்குகின்றன. தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுல பிரசங்கம் என்பவை தமிழ் நூல்களிற் சில. சிங்களத்தில் அவர் எழுதிய துக்பிராப்தி பிரசங்கயவும் ஆண்டவரின் பாடுகளைப் பற்றியதே. கத்தோலிக்கருக்கு அன்று அச்சகம் இல்லை. ஆகவே அவருடைய நூல்கள் கையால் எழுதப்பட்டே ஊர் ஊராகச் சென்றன. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத நூறு பேர் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார்கள். அன்னை மரியாளின் கண்ணீரைத் தன் வீட்டுத் தாயின் கண்ணீராக ஏழைக் குடியானவனும் உணர்ந்தான். நீர்கொழும்புத் துவவிலும் மன்னார் பேசாலையிலும் பெயர்பெற்ற திருப்பாடுகளின் காட்சிகள் வளர்ந்ததும் இந்த நூல்களின் நிழலிலேதான்.

பிற சமயங்களை மறுக்கும் வாத நூல்களையும் அவர் எழுதினார். அது அக்காலத்தின் வழக்கம். இன்று அவற்றைத் தேடிப் படிப்பவர் ஆராய்ச்சியாளரே. மக்கள் நாவில் நிலைத்தவை அவருடைய வாதங்களல்ல, புலம்பல்களும் பாடல்களுமே. இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

1742ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் அடிகளார் போலவத்தையில் உயிர் துறந்தார். இன்றைய சிலாபம் மறைமாவட்டத்திலுள்ள அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் கண்டி மன்னரின் ஆதரவும் போய், ஆலயங்கள் இடிக்கப்பட்டு, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஆலயத்தை இடிக்கலாம், மனதில் பதிந்த பாட்டை எவரால் இடிக்க முடியும்? குருவானவர் இல்லாத வீடுகளில் தாயின் வாய்ப்பாட்டே மறைக்கல்வியாயிற்று.

அன்பான பெற்றோரே, சப்ரகமுவத் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். பசனைப் பாடத் தெரிந்த பிள்ளைக்குப் பாட்டியின் தமிழ்ப் புலம்பல் தெரியாமற் போகிறது. பசனைக் கற்பது நல்லதே. அதுவும் அடிகளாரின் சொத்துத்தான். ஆனால் கொங்கணித் தாயின் மகன் நமக்காக இரு மொழிகளையும் கற்றாரே, நம் வீட்டில் ஒன்றை இழப்பது நியாயமா? இந்தத் தவக்காலத்தில் ஒரு மாலை, செபமாலை முடிந்ததும், பாட்டியைப் பாடச் சொல்லுங்கள். பிள்ளை அதை ஒரு கொப்பியில் எழுதட்டும். அடிகளாரின் நூல்கள் இப்படிக் கைப்பட எழுதித்தானே நம்மை வந்தடைந்தன!